ஓட்டுக் கேட்டு வந்த போதகர்



தேர்தல் நெருங்கிவிட்டால் நம் பக்கத்தில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "அந்த மனிதர் நல்லவர்தான். ஆனால் ஜெயிக்க மாட்டார். அவருக்குப் போட்டு ஓட்டை ஏன் வீணாக்க வேண்டும்?" காப்பிக் கடையிலும், கோயில் திருவிழாப் பந்தலிலும், கல்யாண வீட்டுத் திண்ணையிலும் இதைக் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. சொல்லுகிறவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லுவதில்லை. கணக்குப் பார்த்துத்தான் சொல்லுகிறார்.

அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டே இன்று ஒரு மனிதரின் கதையைக் கேளுங்கள். அவர் பெயர் நார்மன் தாமஸ். அமெரிக்கர், கிறிஸ்தவ போதகர். மாநில ஆளுநர், நகர மேயர், காங்கிரஸ் உறுப்பினர், செனட்டர், ஜனாதிபதி என்று அந்த நாட்டில் என்னென்ன பதவிகளுக்குத் தேர்தல் உண்டோ அநேகமாக அத்தனைக்கும் நின்றார். ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தோட்டத்து ஜனங்களும் இந்தக் கதைக்குள் வருகிறார்கள். அங்கே பால் மரம் இல்லை, பஞ்சுச் செடி. மற்றபடி துரை, கணக்கு, பற்று, வீட்டைக் காலி செய் என்ற உத்தரவு எல்லாம் அப்படியே இருக்கின்றன.

தாமஸ் 1884-ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்தில் மேரியன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா போதகர், தாத்தாவும் போதகர். பையனாக இருந்தபோது வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டார். அந்தப் பத்திரிகையின் முதலாளி வாரன் ஹார்டிங் என்பவர். அவர் பின்னால் அமெரிக்க ஜனாதிபதியாகவே ஆகிவிட்டார்! பத்திரிகை போட்ட பையன் ஆறு முறை அதே நாற்காலிக்கு நின்றும் கிட்டவில்லை. விதியின் விளையாட்டு என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இந்த மனிதரின் விஷயத்தில் விதியைக் குற்றம் சொல்ல இடமில்லை. எல்லாம் தெரிந்தேதான் செய்தார்.

படிப்பில் கெட்டிக்காரர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வகுப்பிலேயே முதல் மாணவராக 1905-இல் தேறினார். பணக்காரச் சபை ஒன்றில் போதகராக அமர்ந்து சுகமாக வாழ்ந்திருக்கலாம். 1911-இல் குருப்பட்டம் பெற்றதும் அவர் போய்ச் சேர்ந்த இடமோ நியூயார்க் நகரத்தின் கிழக்கு ஹார்லெம். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. இருட்டு அறைகள், காசநோய், வேலையில்லாத ஆண்கள். இவர்களிடம் போய் "ஒழுக்கமாக இருங்கள், கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வர இவருக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. ஒழுக்கமாக இருக்கிறவன் வீட்டிலும் பிள்ளை பசியோடுதானே தூங்கியது?

அவர் மனைவி வயலட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வசதியான வங்கிக் குடும்பத்துப் பெண். காசநோயாளிகளுக்குத் தொண்டு செய்துகொண்டிருந்தவர். 1910-இல் இவரைக் கைப்பிடித்துச் சேரிப் பகுதிக்கே குடித்தனம் நடத்த வந்தார். கணவர் ஊர் ஊராய்ப் பேசப் போய்விடுவார். பிள்ளைகளை வளர்த்ததும், பிற்காலத்தில் நாய்க்குட்டிகள் வளர்த்து விற்று வீட்டுச் செலவுக்கு வழி பார்த்ததும் இந்த அம்மாள்தான். தோற்கிற வேட்பாளரின் பெயர் ஓட்டுச் சீட்டிலாவது இருக்கும். அவர் வீட்டில் அடுப்பு எரியப் பார்த்துக்கொண்டவரின் பெயர் எங்கே இருக்கும்?

முதல் உலகப் போர் வந்தது. அமெரிக்காவும் 1917-இல் போரில் இறங்கியது. தாமஸ், கொலை செய்யாதே என்று பிரசங்கம் செய்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போருக்கு ஆள் பிடிக்க என்னால் முடியாது என்ற கட்சி. அவருடைய சொந்தத் தம்பி இவான் துப்பாக்கி தூக்க மறுத்ததற்காகச் சிறைக்குப் போனார். கம்பியோடு கை விலங்கிடப்பட்டு நின்றார். தாமஸின் சபைப் பணிக்குப் பணம் கொடுத்து வந்த பெரிய மனிதர்கள் கையை மூடிக்கொண்டார்கள். தன்னால் ஏழைகளுக்கு வரும் உதவி நின்றுவிடக்கூடாதென்று 1918-இல் அவர் பொறுப்பை விட்டு விலகினார். அதே ஆண்டு சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். குருப்பட்டத்தை முறைப்படி துறந்தது 1931-இல், தாயார் இறந்த பிறகு. அதன் பின்னும் ஜனங்கள் அவரைப் போதகராகத்தான் பார்த்தார்கள். அவர் குரலும் அப்படி. கோயில் மணிபோல் கணீரென்று இருக்குமாம்.

இனி தேர்தல் கணக்குக்கு வருவோம். 1924-இல் நியூயார்க் மாநில ஆளுநர் தேர்தல், தோல்வி. 1925-இல் மேயர் தேர்தல், தோல்வி. 1929-இல் மறுபடியும் மேயர். இந்த முறை 1 இலட்சத்து 75 ஆயிரம் ஓட்டு வந்தது, ஆனாலும் தோல்விதான். அப்போது ஜெயித்த மேயர் ஜிம்மி வாக்கர் ஊழல் விசாரணையில் சிக்கி 1932-இல் பதவியை விட்டு ஓடினார் என்பது வேறு கதை. 1930-இல் புரூக்ளின் பகுதியிலிருந்து காங்கிரஸ் கீழவைக்கு நின்றார், தோல்வி. 1934-இல் மேலவையான செனட்டுக்கு நின்றார். ஜனநாயகக் கட்சியின் ராயல் கோப்லண்ட் ஜெயித்தார். 1928 முதல் 1948 வரை நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஜனாதிபதி தேர்தல், ஆறும் தோல்வி. அதிகபட்சமாக 1932-இல் 8 இலட்சத்து 84 ஆயிரம் ஓட்டு. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்நாட்டின் மொத்த ஓட்டில் அது நூற்றுக்கு இரண்டு சொச்சம்.

ஏன் இப்படி? நம் நாட்டிலும் உள்ள ஏற்பாடுதான் காரணம். ஒரு தொகுதியில் யார் முந்துகிறாரோ அவருக்கே இடம். மற்றவர்களுக்குப் போட்ட ஓட்டு காற்றில் போயிற்று. நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் பத்து இலட்சம் பேரைவிட ஒரே ஊரில் கூடியிருக்கும் முப்பதாயிரம் பேர் அங்கே பலசாலிகள். அந்தக் கட்சியின் சரித்திரத்திலேயே காங்கிரசுக்குள் நுழைந்தவர்கள் இரண்டே பேர். மில்வாக்கியிலிருந்து விக்டர் பெர்கர், நியூயார்க்கின் யூதத் தொழிலாளர் பகுதியிலிருந்து மேயர் லண்டன். இருவருக்கும் பின்னால் அப்படிக் கூடியிருந்த ஜனங்கள் இருந்தார்கள். தாமஸுக்கு அது அமையவில்லை. அவரை நேசித்தவர்கள் எங்கும் இருந்தார்கள்; எந்த ஓர் இடத்திலும் போதிய அளவு இல்லை. மேலும் அவருடைய பேச்சை ரசித்துக் கைதட்டிவிட்டு, ஓட்டை வேறு பக்கம் போட்டவர்களும் நிறைய. "ஜெயிக்க மாட்டார்" என்ற அதே கணக்குதான்!

இதுவரை சொன்னது வெறும் தோல்விப் பட்டியல். இனித்தான் பஞ்சுத் தோட்டம் வருகிறது.

தெற்கே ஆர்கன்சா மாநிலத்தில் பஞ்சு விளைந்தது. பெரிய பெரிய தோட்டங்கள். நிலம் துரையுடையது, கோவேறு கழுதை துரையுடையது, கலப்பை, விதை எல்லாம் அவருடையது. குடியானவனுக்குச் சொந்தம் அவன் குடும்பத்தின் கைகள் மட்டும். விளைச்சலில் பாதி துரைக்கு, பாதி அவனுக்கு என்று பேச்சு. ஆனால் விளையும்வரை சாப்பிட வேண்டுமே? தோட்டத்துக் கடையில் மாவும் பன்றி இறைச்சியும் பற்றில் கொடுப்பார்கள். விலையும் அவர்கள் வைத்தது, வட்டியும் அவர்கள் போட்டது. பஞ்சை நிறுப்பதும் அவர்கள், கணக்கு எழுதுவதும் அவர்கள். வருடக் கடைசியில் கணக்குத் தீர்க்கும் நாளில், "இந்த வருடமும் நீதான் பாக்கி" என்று பதில் வரும். பால் நிறுக்கும் இடத்தில் நின்று தராசு முள்ளையே பார்த்துப் பழகிய நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமில்லை.

1930-களின் தொடக்கத்தில் உலகமெங்கும் மந்தம். இங்கே மலாயாவில் ரப்பர் விலை விழுந்ததைப்போல அங்கே பஞ்சு விலை விழுந்தது. புதிதாக வந்த ரூஸ்வெல்ட் அரசாங்கம் 1933-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும். ஆகவே பஞ்சு பயிரிடாமல் நிலத்தைச் சும்மா போடுகிறவருக்கு அரசாங்கமே பணம் தரும். அந்த ஆண்டு சுமார் 1 கோடி ஏக்கர் பஞ்சை வளர்ந்த நிலையிலேயே உழுது அழித்தார்கள். செடிமேல் மிதிக்காமல் நடக்கப் பழக்கிய கழுதைகள் அந்த உழவுக்கு வர மறுத்தன என்று சொல்லுவார்கள். கழுதைக்கு இருந்த கூச்சம்!

பணம் யார் கைக்குப் போயிற்று? தோட்ட முதலாளி கைக்கு. குடியானவனுக்கும் பங்கு தரவேண்டும் என்று சட்டம் சொன்னது, பலர் தரவில்லை. நிலத்தில் வேலை குறைந்ததால், ஆள் எதற்கு என்று குடும்பங்களையே வெளியேற்றவும் தொடங்கினார்கள். தைரான்சா என்ற சிற்றூரின் அருகே ஒரு தோட்டத்தில் மட்டும் 23 குடும்பங்களுக்கு உத்தரவு போயிற்று.

அந்தத் தைரான்சாவில் இரண்டு வாலிபர்கள் இருந்தார்கள். ஹாரி மிட்செல் துணி வெளுக்கும் கடை வைத்திருந்தார். பக்கத்துக் கடை கிளே ஈஸ்டினுடைய பெட்ரோல் நிலையம். இருவரும் தாமஸின் கட்சிக்காரர்கள். அவர்கள் அழைத்து, 1934-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாமஸ் அங்கே வந்தார். குடிசைகளுக்குள் போனார், பலகைச் சந்து வழியே வானம் தெரிந்த வீடுகளைப் பார்த்தார். செனட் தேர்தலுக்கு நிற்கப்போகிற ஆண்டு அது. ஒரு சாதாரண அரசியல்வாதி என்ன செய்திருப்பார்? கட்சிக் கிளை திறந்து, கொடி ஏற்றி, படம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

தாமஸ் சொன்னது வேறு. "உங்களுக்கு முதலில் வேண்டியது கட்சி அல்ல, சங்கம்" என்ற பொருளில் யோசனை சொன்னார். அதில் நியாயம் இருந்தது. ஆர்கன்சாவில் ஓட்டுப் போட வேண்டுமானால் ஆண்டுக்கு ஒரு டாலர் தலைவரி கட்டவேண்டும். வருடம் முழுக்க ரொக்கக் காசையே பார்க்காத குடியானவன் எங்கே கட்டுவான்? கறுப்பின மக்களுக்கோ வரி கட்டினாலும் வேறு தடைகள். ஓட்டே இல்லாத ஜனங்களிடம் போய் ஓட்டுக் கேட்டு என்ன பயன்? கேட்காமலே வந்தார் இந்த வேட்பாளர்.

அந்த ஜூலை மாதம், தைரான்சாவுக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இரவில் 18 பேர் கூடினார்கள். 11 பேர் வெள்ளையர், 7 பேர் கறுப்பர். வெள்ளையருக்கு ஒரு சங்கம், கறுப்பருக்கு ஒரு சங்கமா, அல்லது ஒரே சங்கமா என்று கேள்வி எழுந்தது. அந்தக் காலத்தில் தெற்கே இரு இனத்தாரும் சமமாக ஒரே அறையில் உட்கார்ந்ததே ஆபத்து. வயதான கறுப்பர் ஒருவர் எழுந்தார். 1919-இல் அதே மாநிலத்தில் ஈலேன் என்ற ஊரில் கறுப்பினக் குடியானவர்கள் தனியாகச் சங்கம் வைத்தபோது நடந்த படுகொலையைக் கண்டவர் அவர். நம்மைக் கட்டிய சங்கிலி உங்களையும் கட்டியிருக்கிறது, தனித்தனியே நின்றால் இரு பக்கமும் அடிபடுவோம் என்று அவர் எடுத்துச் சொன்னதாக வரலாறு. ஒரே சங்கமாகத் தொடங்கினார்கள். தெற்குக் குத்தகைக் குடியானவர் சங்கம் பிறந்தது அப்படித்தான். துணைத் தலைவராக வந்த மெக்கின்னி, கறுப்பினப் போதகர்.

எனக்கு இந்த இடத்தில் ஒன்று தோன்றுகிறது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று மூன்று கோடுகள் போட்ட நாட்டில் இருக்கும் நமக்கு, அந்த 18 பேர் எவ்வளவு தயங்கியிருப்பார்கள் என்பது மற்ற நாட்டாரைவிட நன்றாகவே புரியும். அந்த இரவில் எவனாவது ஒருவன் பயந்து எழுந்து போயிருந்தாலும் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

தொல்லை வந்தது. கூட்டங்களைக் கலைத்தார்கள், வீடுகளில் சுட்டார்கள், சங்கத்துக்காரர்களைச் சிறையில் அடைத்தார்கள். 1935 மார்ச்சில் தாமஸ் மறுபடி வந்தார். பேர்ட்சாங் என்ற இடத்தில் கோயில் முற்றத்தில் கூட்டம். குடித்துவிட்டு ஆயுதத்தோடு வந்து நின்றது ஒரு கும்பல். தோட்டத்து ஆட்களும் ஊர்க் காவலர்களும் அதில் இருந்தார்கள். ஹோவார்ட் கெஸ்டர் என்ற இன்னொரு போதகர் எழுந்து "சீமாட்டிகளே, கனவான்களே" என்று ஆரம்பித்தார். "கூட்டத்தில் சீமாட்டியும் இல்லை, மேடையில் கனவானும் இல்லை" என்று கும்பலில் ஒருவன் கத்தினான். கூடி நின்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். அதற்காகத்தான் அந்தப் பேச்சு. தாமஸ் ஆர்கன்சா மாநிலத்தின் அரசியல் சட்டப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டம் போடும் உரிமை இதில் எழுதியிருக்கிறதே என்றார். அவரை மேடையிலிருந்து இழுத்து இறக்கி, காரில் ஏற்றி, மாவட்ட எல்லை தாண்டும்வரை பின்தொடர்ந்து விரட்டிவிட்டார்கள்.

ஜனாதிபதி தேர்தலில் 8 இலட்சம் ஓட்டு வாங்கிய மனிதருக்கே இந்தக் கதி என்றால், அந்த முற்றத்தில் அன்று நின்றுவிட்டு இரவில் அதே தோட்டத்து வீட்டுக்குத் திரும்பிப் போனவர்களின் கதி என்ன? இந்தக் கேள்வி தாமஸையும் உறுத்தியது. வாஷிங்டன் போய் ரூஸ்வெல்ட்டிடமே நேரில் முறையிட்டார். ரூஸ்வெல்ட் கெட்டவர் அல்லர். ஆனால் அவருடைய சட்டங்கள் நிறைவேறத் தெற்கத்திய செனட்டர்களின் தயவு தேவை. செனட்டில் அவர் கட்சியின் தலைவரான ஜோ ராபின்சன் இதே ஆர்கன்சாக்காரர். பொறுமையாக இரும், தெற்கில் புதிய தலைமுறை வருகிறது என்றாராம் ஜனாதிபதி. உம்மைவிட நான் கெட்டிக்கார அரசியல்வாதி என்றும் சொன்னாராம். மேசைக்கு அந்தப் பக்கம் நீங்களும் இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்திருப்பதே அதற்குச் சாட்சி என்று தாமஸ் பதில் சொன்னதாகச் சொல்லுவார்கள். குடியானவரை வெளியேற்றக்கூடாதென்று விதியைக் கடுமையாக்கிய விவசாய இலாகா அதிகாரிகள் சிலர் அதற்கு முந்தின மாதம்தான் வேலையை இழந்திருந்தார்கள். ஜெயித்தவர்களின் கணக்கும் இப்படித்தான் இருக்கிறது.

ஆனாலும் சங்கம் சாகவில்லை. 1935 அறுவடையில் பஞ்சு எடுப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 100 இராத்தலுக்கு ஒரு டாலர் கேட்டார்கள். பல இடங்களில் 75 சென் கிடைத்தது. முதலாளிகள் கொடுக்க நினைத்ததைவிட அது அதிகம். பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தன. குடியானவர் நிலைமையை ஆராய ஜனாதிபதி ஒரு குழு போட்டார்; 1937-இல் அவர்களில் சிலருக்காவது நிலம் வாங்கக் கடன் கொடுக்கும் சட்டம் வந்தது. சிலருக்குத்தான். பெரும்பாலோருக்கு அதற்குள் டிராக்டர் வந்துவிட்டது. ஆளே வேண்டாமென்று ஆகி, நகரங்களுக்குப் பிழைக்கப் போனார்கள். சங்கமும் பின்னர் உட்பூசலில் மெலிந்தது. தோட்டம் துண்டாடப்பட்டோ விற்கப்பட்டோ ஊர் விட்டு ஊர் போனவர்கள் நம்மிலும் உண்டு. மேலே சொல்ல வேண்டாம்.

தாமஸின் கட்சி கேட்டு வந்தவை எவை? வேலையில்லாதவருக்கு உதவித்தொகை, முதியோருக்கு ஓய்வூதியம், குறைந்தபட்சச் சம்பளம், சிறு பிள்ளைகளை வேலைக்கு வைக்கத் தடை. 1935-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் 1938-இல் வந்த தொழில் தரச் சட்டத்திலும் இவற்றில் பெரும்பகுதி வந்துவிட்டது. உங்கள் திட்டத்தை ரூஸ்வெல்ட் எடுத்துக்கொண்டு போய்விட்டாரே என்று கேட்டவர்களிடம் தாமஸ், ஆமாம், ஸ்ட்ரெச்சரில் போட்டு எடுத்துக்கொண்டு போனார் என்பாராம். சிரிப்புக்குச் சொன்னது. உள்ளே கசப்பும் இருந்திருக்கும். பஞ்சுத் தோட்டத்தாரையும் வயல் வேலையாட்களையும் அந்தச் சட்டங்கள் வெளியே நிறுத்திவைத்தன அல்லவா?

அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். ஹிட்லர் ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்தபோது, அமெரிக்கா போரில் இறங்கவே கூடாதென்று 1941 வரை மேடை மேடையாகப் பேசினார். அந்த மேடைகளில் அவரோடு நின்றவர்களில் யூதரை வெறுத்தவர்களும் இருந்தார்கள். நல்ல மனிதர் நிற்கக்கூடாத இடம் அது. ஆனால் 1942-இல், ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை, அங்கேயே பிறந்த குழந்தைகள் உட்பட, முள்வேலி முகாம்களில் அமெரிக்க அரசாங்கம் அடைத்தபோது, அது அநியாயம் என்று உடனே சொன்ன தேசியத் தலைவர்கள் மிகச் சிலர். அவர்களில் இவர் ஒருவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குத் தகப்பனைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள்கூட, சான் பிரான்சிஸ்கோவில் காய்கறி விற்ற கிழவருக்கும் அந்தப் பாவத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

வயலட் 1947-இல் இறந்துபோனார். அடுத்த ஆண்டு தாமஸ் கடைசி முறையாக ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றார். 1 இலட்சத்து 39 ஆயிரம் ஓட்டு. அதன் பிறகு, இனி நம் கட்சி ஜனாதிபதி தேர்தலில் ஆள் நிறுத்துவதில் பொருளில்லை என்று கட்சிக்காரர்களுக்கு அவரே சொன்னார். பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை. மூட்டுவலியால் கோலூன்றி நடந்தார். கண் பார்வை மங்கியது. எண்பது வயதைத் தாண்டியும் வியட்நாம் போரை எதிர்த்து மேடை ஏறினார். 1968 டிசம்பர் 19-ஆம் நாள் காலமானார். வயது 84.

தைரான்சாவில் மிட்செலின் துணி வெளுக்கும் கடையும் ஈஸ்டின் பெட்ரோல் நிலையமும் இருந்த கட்டடத்தைப் பழுதுபார்த்து, 2006-இல் அந்தக் குடியானவர் சங்கத்துக்கு நினைவு அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ஆர்கன்சா மாநிலப் பல்கலைக்கழகம் அதை ஏற்று நடத்துகிறது.